டியூப் இல்லாத சைக்கிள் டயர்

வேளாங்கண்ணிக் கடற்கரை மணலில் சாதாரண சைக்கிள் சக்கரம் புதைகிறது. அகன்ற டயர் கொண்ட மலைச் சைக்கிளோ, காற்றைச் சிறிது குறைத்தால் ஓரளவு எளிதாகச் செல்கிறது. காரணம் என்ன?

சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோ எனக் கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு ஏறத்தாழ 40 கிலோ. காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 10 சதுர செ.மீ. அழுத்தத்தை 2 கிலோவாகக் குறைத்தால் பரப்பு 20 ஆகிறது. பளு பரவுவதால் சக்கரம் அதிகம் புதைவதில்லை.

ஆனால் காற்று குறைந்த டயர் கல்லில் மோதினால், உள்ளிருக்கும் டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும். டியூபே இல்லாவிட்டால் இத்தொல்லை இல்லை அல்லவா? பிரெஞ்சு நிறுவனங்கள் சில 1999-இல் மலைச் சைக்கிளுக்கு இம்முறையைக் கொணர்ந்தன.

இதற்கேற்ற ரிம்மும் டயரும் தேவை. ரிம்மின் கம்பித் துளைகளைக் காற்றுப் புகாத நாடாவால் மூடி, ரப்பர் பால் கலந்த திரவத்தை ஊற்றி, வேகமாகக் காற்றடித்தால் டயரின் விளிம்பு ரிம்மில் இறுகிப் பொருந்தும். கருவேல முள் குத்தினால், வெளியேறும் காற்றே திரவத்தைத் துளைக்குள் தள்ளி அடைத்துவிடும். திரவம் உலருமாதலால் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டும்.

தார்ச்சாலையில் பள்ளிக்குச் செல்ல டியூபே போதும். பஞ்சர் ஒட்ட எங்கும் கடை உண்டு.