அப்பாவின் காடி, 24-இல் ஒரு பங்கு

2,380-ஐ 24-ஆல் வகுத்தால் 99.17 வரும். பழைய புரோட்டோன் சாகாவின் முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 2,380 மில்லிமீட்டர். அதே காரை 24-இல் ஒரு பங்கு மாடலாகக் கட்டினால் அந்த இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முழுக் காரும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். சென்ற ஆண்டு இந்தக் கணக்கை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் வீடு ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறது. அப்பா முதலில் மரம் வெட்டினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு தோட்டத்து லாரி ஓட்டினார். வீட்டில் இருந்த ஒரே வாகனம் 1989-ஆம் ஆண்டு சாகா, 1.3. யாரோ எப்போதோ கருஞ்சிவப்புச் சாயம் அடித்து விற்றதை அப்பா வாங்கியிருந்தார். சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்கு அதில் ஏழு பேர் போவோம். யார் மடியில் யார் என்பதில் மட்டும் சண்டை வரும்.

எனக்குப் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்க இடம் கிடைத்தது. மடிக்கணினி தேவைப்பட்டது. காடி போனது, மடிக்கணினி வந்தது. "பழைய இரும்புதானேடா" என்று சொல்லிவிட்டு அப்பா மோட்டார் சைக்கிளுக்கு மாறினார். அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சில்லாமல் இருந்ததுதான் என்னை உறுத்தியது. அந்தக் காரின் படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒரு தீபாவளிப் படத்தில் தங்கையின் தோளுக்குப் பின்னால் பாதி முன் விளக்கு தெரிந்தது. அவ்வளவுதான்.

மாடல் கார் கட்டுவது எனக்குப் படிவம் நான்கிலிருந்தே பழக்கம். உங்கள் அண்ணன்மாரும் மாமாமாரும் 'தாமியா' என்றால் பேட்டரி போட்டு ஓட்டும் சிறிய காரைத்தான் நினைப்பார்கள். ஜப்பானின் ஷிசுவோக்காவில் அந்த நிறுவனம் 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கி, மர மாடல்கள் செய்து, 1960-இல்தான் முதல் பிளாஸ்டிக் மாடலை வெளியிட்டது. அது ஒரு போர்க்கப்பல். 1976-இல் வந்த போர்ஷே 934 மாடலுக்காக உண்மையான போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். மாடல் கட்டுவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்லும் உறவினர்களிடம் நான் சொல்லும் கதை இது. அவர்கள் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

கடையில் கேட்டேன். சாகாவுக்குக் கிட் கிடைக்கவில்லை. அப்போதுதான் கரம்ஜித் சிங்கின் கார் நினைவுக்கு வந்தது. 2002-இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை, துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன் வென்ற நம் நாட்டுக்காரர் அவர். அவர் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், பெயர்ப்பட்டை மாற்றிய மிட்சுபிஷி லான்சர் எவலூஷன்தான். 1985 ஜூலை 9 அன்று அறிமுகமான சாகாவும் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவின் உடலில் பிறந்ததுதான். நிஜத்திலேயே ஒரு காருக்குள் இன்னொரு கார் இருக்கும்போது மாடலில் மட்டும் கூடாதா?

அளவுகளைத் தேடியதில் டொயோட்டா ஏ.இ.86 அகப்பட்டது. அதன் அச்சு இடைவெளி 2,400 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் சரியாக 100. சாகாவுக்கும் அதற்கும் மாடலில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை! வார இறுதியில் உணவகத்தில் வேலை செய்து சேர்த்த நூற்றுச் சொச்ச ரிங்கிட்டில் அந்தக் கிட்டை வாங்கினேன். அடிப்பாகமும் சக்கரங்களும் அதிலிருந்து. மேல் உடலை மட்டும் பிளாஸ்டிக் தகட்டில் நானே வெட்டிக் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் எதைப் பார்த்து வெட்டுவது? ஜாசின் டவுனில் ஒரு பட்டறை வாசலில் பழைய சாகா ஒன்று நிற்கும். அளவு நாடாவோடு போய் நின்றேன்.

"என்னா தம்பி, காடி வாங்கப் போறியா?"

"இல்லண்ணே. அளக்கப் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாடாவின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். கதவின் அகலம், கண்ணாடியின் சாய்வு, சக்கர வளைவின் உயரம் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட அளவுகள். பதினேழு ஆண்டுகள் ஏறி இறங்கிய காரைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது என்பது அன்றுதான் புரிந்தது. முன் விளக்கு சதுரம் என்றே நினைத்திருந்தேன். அது நீள்சதுரம்.

பெகோவில் ஹோண்டா ஆலையில் வேலை செய்யும் என் அத்தை மகன், கதவுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே உள்ள இடுக்கு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். நான்கு மில்லிமீட்டர் இடுக்கு மாடலில் 0.17 மில்லிமீட்டர். இரண்டு தாளின் தடிப்புதான். கத்தி முனையால் ஒரே கோட்டில் பல முறை மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு முறை கை நழுவினால் கதவு போச்சு. எனக்கு மூன்று கதவுகள் போயின.

ஒட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் மாடலுக்குப் போடும் 'பசை' உண்மையில் கரைப்பான். அது பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைக்கிறது, இரு துண்டும் ஒன்றோடொன்று கலக்கின்றன, கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடுகின்றன. தகடு வாங்கக் காசில்லாதபோது, முக்கோணத்துக்குள் 6 என்ற எண் உள்ள உணவு டப்பாக்களைக் கழுவி வெட்டினேன். அதுவும் பாலிஸ்டைரீன்தான். 5 என்று இருந்தால் இந்தக் கரைப்பான் அதைத் தொடாது. கார்க் கண்ணாடிக்குப் பிஸ்கட் பெட்டியின் தெளிந்த உறை, ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை. கவ்விப் பிடிக்க அம்மாவின் துணிக் கிளிப்புகள்.

ஐந்து மாதம் கழித்து நவம்பரில் சாயம் அடிக்கும் கட்டம் வந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே அடியுங்கள் நண்பர்களே, உள்ளே வேண்டாம். நானும் வெளியேதான் அடித்தேன். ஆனால் மழை விட்ட மாலையில் அடித்தேன். பத்தே நிமிடத்தில் கருஞ்சிவப்பு முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. காரணம் பிறகுதான் தெரிந்தது. சாயத்தில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் அங்கே நீராகப் படிந்து, உலராத சாயத்தில் சிக்கிக்கொள்கிறது. ஐஸ் போட்ட குவளையின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். படிவத்தில் படித்த பாடம், தேர்வில் எழுதியும் இருக்கிறேன்.

ஐந்து மாத உழைப்பை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நான் என்ன செய்கிறேன் என்று கேட்காத அப்பா, அன்றுதான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். எது என்று தெரிந்துகொண்டார். முகத்தில் எதுவும் காட்டவில்லை.

"மழ நாள்ல நாங்க மரம் வெட்ட மாட்டோம். பட்டையெல்லாம் ஈரமா இருக்கும், பால் மங்குல நிக்காது. நீ ஏன் மழயில சாயம் அடிச்ச?"

உலர விட்டு, 1,500 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். நல்ல வெயில் அடித்த ஒரு நாள் பதினோரு மணிக்குமேல், மெல்லிய பூச்சுகளாக மறுபடி அடித்தேன். இந்த முறை பளபளத்தது. எல்லாக் கதவும் ஒரே நிறம், எங்கும் திட்டு இல்லை. பெருமையாக அப்பாவிடம் நீட்டினேன்.

"இடது பின் கதவு வேற நெறம்லடா. கேட்டுல மோதி, மாத்துனோமே."

மற்ற இடங்களை நாடா ஒட்டி மறைத்து, அந்த ஒரு கதவுக்கு மட்டும் கொஞ்சம் வெளிறிய சிவப்பு அடித்தேன். இரண்டு நாள் ஆனது. மறுபடியும் கொடுத்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் நினைத்திருந்த அடிப்பாகத்தைத் திருப்பினார்.

"நடுவுல இந்தத் தண்டு எதுக்கு? சாகாவுக்கு முன் சக்கரம்தானே இழுக்கும்?"

ஏ.இ.86-இல் பின் சக்கரம்தான் இழுக்கும். அதற்காக எஞ்சினிலிருந்து பின் அச்சு வரை ஒரு தண்டு ஓடுகிறது. இயந்திரவியல் படிக்கும் நான் அதை அப்படியே விட்டிருந்தேன். லாரி ஓட்டியவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்.

"அப்புறம் சைலன்சரைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தேன். அதையும் காணோம்."

இப்போது அந்தத் தண்டை அறுத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். கம்பிக்கு, பழைய மின்கம்பியின் உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழையைப் பிரித்து வைத்திருக்கிறேன். எந்த இடத்தில், எத்தனை சுற்று என்று அப்பா இன்று வேலை முடிந்து வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.