கறையின் குணம் அறிவோம்

பிள்ளைகளின் பள்ளிச் சீருடையிலோ, விழாவுக்கென எடுத்துவைத்த வெள்ளை வேட்டியிலோ கறை பட்டுவிட்டால், உடனே வெந்நீரையும் சோப்பையும் நாடுகிறோம். அந்த அவசரமே பல வேளைகளில் கறையை நிலைக்கச் செய்துவிடுகிறது. கறைக்குக் கறை குணம் வேறு, மருந்தும் வேறு.

இரத்தம், பால், முட்டை ஆகியவற்றின் கறையில் புரதம் உண்டு. வெந்நீர் பட்டால் அது வெந்து நூலோடு இறுகிவிடும். ஆதலின் முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பின்னரே சோப்பிடுதல் வேண்டும்.

மஞ்சள் கறை சோப்பின் காரம் பட்டதும் சிவக்கும். அஞ்ச வேண்டாம். நன்கு துவைத்து வெயிலில் உலர்த்தி வந்தால் வெளிறிவிடும். மஞ்சளின் நிறம் சூரிய ஒளியைத் தாங்காது.

இரும்புத் துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவிச் சற்று நேரம் வெயிலில் வைத்து அலசுவோம். பிளீச்சிங் பவுடர் இட்டால் துரு இன்னும் அழுத்தமாகப் பதியும்.

மெழுகு சிந்தினால், உறைந்தபின் மெல்லச் சுரண்டி, மேலும் கீழும் ஒற்றுத்தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரியிட்டால், உருகும் மெழுகைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள்: சாயத்துணியாயின் எதையும் முதலில் உள்மடிப்பில் இட்டுச் சோதிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சையையோ வினிகரையோ ஒருபோதும் கலத்தலாகாது. மூச்சைத் திணறடிக்கும் நச்சுவாயு எழும்.

கறை பட்ட அன்றே, அதன் குணமறிந்து கவனிப்போமாயின், ஒதுக்கிவைக்க இருந்த ஆடை இன்னும் பல நாள் உழைக்கும். குடும்பச் செலவில் அதுவும் ஒரு சேமிப்பன்றோ!