கடிகாரம் காட்டும் துடிப்பும் காட்டாத அடைப்பும்

கோலா சாவாவில் காலை ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக வெளுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு முன்பே செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் சாலையில் ஓட்டக் காலணிகளின் சத்தம் கேட்கிறது. சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்துவிட்டு, வார இறுதியில் பெற்றோர் வீட்டுக்கு வந்த பிள்ளைகள். ஐந்து கிலோமீட்டர் ஓடி நின்றதும் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவதற்கு முன் மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்கள்.

இவர்களுடைய தாத்தா பாட்டிகள் இருட்டோடு பெரட்டுக்கு நின்றவர்கள். பால்மர நிரைகளில் மேடு ஏறி, பள்ளம் இறங்கி, வாளி நிறையப் பால் சுமந்து நடந்தவர்கள். எத்தனை அடி நடந்தோம் என்று யாரும் எண்ணியதில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் படித்து மேசை வேலைக்குப் போனார்கள். தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் பால்வெட்டுக் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.

விளைவு நமக்குத் தெரிந்ததுதான். அப்பாவுக்கு இனிப்பு நீர், அம்மாவுக்கு இரத்த அழுத்தம், ஐம்பதைத் தொடுவதற்குள் சித்தப்பாவுக்கு மாரடைப்பு. இப்படி ஒரு குடும்பக் கதை இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அந்தப் பயத்தில்தான் பலர் ஓடத் தொடங்குகிறார்கள், கடிகாரமும் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் கடிகாரத்துக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள், பச்சை விளக்கு மின்னும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கடிகாரம் எண்ணுகிறது. ஓட்டக்காரர்களுக்கான கம்பியில்லா இதயத் துடிப்புக் கருவியை 1982இல் ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் கொண்டுவந்தபோது அது மார்பில் கட்டும் பட்டையாக இருந்தது. அந்தப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே நேராகப் படிக்கும். துல்லியத்தில் இன்றும் அதுதான் மேல்.

மணிக்கட்டுக் கருவிக்கு ஒரு வேடிக்கையான கோளாறு உண்டு. வார் தளர்வாக இருந்தால், கை வீசும் தாளத்தையே இதயத் தாளம் என்று எண்ணிவிடும். ஒருமுறை நான் பேசிக்கொண்டே மெதுவாக ஓடும்போது என் கடிகாரம் 174 காட்டியது. பயந்து நின்று, கழுத்தில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினேன். 132தான். 174 என்பது ஒரு நிமிடத்தில் என் கால்கள் வைத்த அடிகளின் எண்ணிக்கை! மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, வாரைச் சற்று இறுக்கிக் கட்டினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்தது விஓ2 மேக்ஸ். நம் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு இது. ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி, ஓடும் பட்டையில் மூச்சு முட்ட ஓடவிட்டு இதை அளப்பார்கள். கடிகாரம் அப்படி அளப்பதில்லை. இவ்வளவு வேகத்துக்கு இவ்வளவு துடிப்பு என்று கணக்குப் போட்டு ஊகிக்கிறது. 220இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணையே பல கடிகாரங்கள் உங்கள் உச்சத் துடிப்பாக எடுத்துக்கொள்கின்றன. உண்மையான உச்சம் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் மாறும். பீட்டா பிளாக்கர் வகை இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. அடர்ந்த செம்பனை ஓலைகளுக்கு அடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாறினால் வேகமும் தப்பாகப் பதிவாகும். நம் புழுக்கத்தில் ஒன்பது மணி வெயிலில் ஓடினால், உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் பாய்வதால் அதே வேகத்துக்கே துடிப்பு கூடும். உடனே கடிகாரம் உங்கள் தகுதி குறைந்துவிட்டதாகச் சொன்னாலும் மனம் ஒடிய வேண்டாம்.

நான் பெரிதாக மதிப்பது வேறொரு எண்ணை. அது காலையில் எழுவதற்கு முன் உள்ள ஓய்வுத் துடிப்பு. ஒழுங்காக ஓடிவந்தால் சில வாரங்களில் அது மெல்ல இறங்கும். 74 இருந்தவர் 66க்கு வருவது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளப் பழகிவிட்டதன் அடையாளம். ஒரு காலையில் திடீரென்று எட்டு, பத்து கூடியிருந்தால் தூக்கம் போதவில்லை அல்லது காய்ச்சல் வரப்போகிறது என்று கொள்ளலாம். டெங்கி நடமாடும் நம் ஊரில் அன்றைக்கு ஓடாமல் இருப்பதே புத்தி.

சீரற்ற துடிப்பைப் பிடிப்பதிலும் கடிகாரம் உதவுகிறது. 4 இலட்சத்து 19 ஆயிரம் பேரை வைத்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துக்கு ஐந்து பேருக்கு ஆப்பிள் கடிகாரம் எச்சரிக்கை கொடுத்தது. அவர்களில், பின்னர் ஈசிஜி பட்டை ஒட்டிச் சோதித்துத் திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானது. பக்கவாதத்துக்கு வழிவிடும் கோளாறு அது.

ஆனால் மாரடைப்பைக் கடிகாரத்தால் கண்டறிய முடியாது. இரத்தக் குழாயில் படியும் கொழுப்பு பச்சை விளக்குக்குத் தெரியாது. 1977இல் வெளிவந்த புத்தகம் மூலம் அமெரிக்காவில் ஓட்டத்தைப் பிரபலமாக்கிய ஜிம் ஃபிக்ஸ், 1984 ஜூலையில் ஓடும்போதே சரிந்து இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் ஒரு தமனி 95 விழுக்காடு அடைபட்டிருந்தது. அவருடைய தந்தைக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு. 43 வயதில் இறப்பு. ஓட்டம் அவரைக் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. புகைபிடித்துக்கொண்டு, பருமனாக இருந்தவர் அதையெல்லாம் விட்டு ஓடியதால் தந்தையைவிட ஒன்பது ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார் என்றும் சொல்லலாம். ஆனால் நன்றாக ஓட முடிகிறது என்பதால் குழாயும் சுத்தமாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2007இல் வெளியான ஓர் ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது; மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. மலேசியாவில் 2023 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம், 33.3 விழுக்காட்டினருக்கு அதிகக் கொழுப்பு. இம்மூன்றையும் அளக்க அரசாங்க கிளினிக்கில் ஒரு விரல்குத்தும் ஒரு கைப்பட்டையும் கொஞ்சம் இரத்தமும் போதும். ஆயிரம் ரிங்கிட் கடிகாரம் வாங்கியவர்களில் எத்தனை பேர் ஒரு ரிங்கிட் கட்டி அங்கே வரிசையில் நின்றிருப்பார்கள்?

நெருங்கிய உறவில் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், வேகமான பயிற்சியில் இறங்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஓட்டச் சோதனை எழுதிக் கொடுப்பார். கடிகாரம் பதிந்த ஓய்வுத் துடிப்பையும் எச்சரிக்கைகளையும் காட்டுங்கள், பயன்படும். ஓடும்போது நெஞ்சை அழுத்துவது, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கமான மேட்டில் திடீரென்று மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை ஆகியவை வந்தால் திரையில் என்ன எண் இருந்தாலும் நின்றுவிடுங்கள். நிற்காவிட்டால் 999. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

வீட்டில் 40 வயதைத் தாண்டி எஸ்டிஆர் உதவித்தொகை பெறுபவர் இருந்தால், அவருக்கும் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. முதல் நாள் இரவிலிருந்தே வெறும் வயிற்றோடு போகச் சொல்வார்கள். அதனால் ஓட்டம் இல்லாத ஒரு காலையாகப் பார்த்து, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் இரத்தம் எடுத்த பிறகுதான்.