கதவு அடியில்தான் இருக்கிறது கோளாறு!

ஊத்துக்கோட்டைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை விட்டதும் பார்த்தால், போன வருஷம் பெயின்ட் அடித்த மாட்டுக்கொட்டகைக் கதவு அடியில் உப்பி உரிந்து நிற்கும். பெயின்ட் மட்டம் என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். பெரும்பாலும் தவறு, பூசாமல் விட்ட இடத்தில்.

மரம் முகப்பைவிட அறுத்த முனையில்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். அந்த ஈரம் வெயிலில் வெளியேறும்போது பூச்சைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். அமெரிக்கா, கனடாவில் வீட்டுச் சுவர்மேல் சிடார் மரச் சில்லுகளை ஓடுபோல அடுக்கி ஆணி அடிப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள், சில்லின் பின்பக்கத்துக்கும் முனைக்கும் முதலிலேயே பிரைமர் கொடுத்துவிடுவார்கள். நம் தேக்கு, வேம்புக்கும் அதே கணக்குதான். கதவைக் கழற்றி, அடிவிளிம்பில் பூசிய பிறகே மாட்ட வேண்டும்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் மாசி, பங்குனிதான் இதற்குத் தோது. வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்த மரத்தில் பூச்சு பிடிக்காது. நல்ல மரம் தெரியும்வரை உப்புத்தாள் போட வேண்டும். பிறகு பிரைமர் ஒரு முறை, எனாமல் இரண்டு முறை. மண்ணில் நடும் கால்களுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசலாம். கரையான் அண்டாது, ஆனால், தோலைப் புண்ணாக்கிவிடும், கையுறை அவசியம்.

பழைய பூச்சைச் சுரண்டும்போது கன்றுகளை வேறு இடத்தில் கட்டுங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். கன்று கண்டதையும் நக்கும். தண்ணீர் தெளித்துச் சுரண்டி, தூளைச் சாக்கில் அள்ளிக் கட்டுங்கள். எருக்குழியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.