அவரையும் கூட்டிட்டு வாங்க

எங்க ஊர் ஏரல். அங்கே ஒரு மதினி ஆஸ்பத்திரிக்குப் போவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல். "இது பால்வினைத் தொற்று. ரெண்டு பேருமே மாத்திரை சாப்பிடணும், அவரையும் கூட்டிட்டு வாங்க" என்கிறார் டாக்டர்.

மதினி வீட்டில் வாயே திறக்கவில்லை. சொன்னால் முதலில் வருவது, "உனக்கு எங்கேயிருந்து வந்துச்சு?" என்ற கேள்வி. அடுத்தது அடி. மதினி மட்டும் மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளில் கணவரிடமிருந்து தொற்று திரும்ப வந்துவிடுகிறது.

சரி, அடிக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்? அடிக்குப் பயந்த பெண்ணால் "ஆணுறை போடுங்க" என்று கேட்க முடியாது. கட்டாயப்படுத்தி உறவு கொள்ளும்போது உள்ளே காயம்பட்டு, கிருமி எளிதாக நுழையும். போதாக்குறைக்கு, மனைவியை அடிக்கும் ஆண்களிடம் வெளித்தொடர்பும் பால்வினை நோயும் அதிகம் என்று நம் நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் எச்.ஐ.வி. பரிசோதனையும் நடந்தது. அதில் 28,139 மணமான பெண்களின் விவரத்தை அலசிய கட்டுரை 2008-ல் வெளியானது. கணவரின் அடி, பாலியல் வன்முறை இரண்டையும் அனுபவித்த பெண்களிடம் எச்.ஐ.வி. இருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 4 மடங்கு!

"குடும்பப் பெண்ணுக்கு இதெல்லாம் வராது" என்பார்கள். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் நிர்மலாவுடன் சேர்ந்து கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன், பிற்பாடு நடத்திய மையத்துக்கு வந்த பெண்களில் பெரும்பாலானோர் கணவரைத் தவிர வேறு யாரோடும் உறவு இல்லாதவர்கள். தாலி தடுப்பூசி இல்லைங்க.

2019-21 ஆய்வுப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். அதனால் உங்கள் தெருவிலும் அந்த மதினி இருக்கலாம். அவரிடம் "அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது.

பசங்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு உங்க வீட்டம்மா "டாக்டர் உங்களையும் வரச் சொன்னாரு" என்றால், "எங்கேயிருந்து வந்துச்சு"ன்னு கேக்காம, சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க.