ஷிப்ட் மாறும் ஊரில் சொந்த வேலை

பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் ஷிப்ட் விடும் நேரத்தில் நின்று பார்த்தால், கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போகிறவர்களும், தூக்கம் கலையாமல் இறங்கி கேட்டை நோக்கி நடப்பவர்களும் ஒரே சாலையில் எதிரெதிராகப் போவார்கள். அடுத்த வாரம் இவர்கள் இடம் மாறிக்கொள்வார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கார், கண்ணாடி, கைபேசி, மோட்டார் சைக்கிள் என்று செய்து அனுப்பும் இந்தப் பகுதியில், லைனில் நிற்கும் நேரம் போக, தனக்கென்று ஒன்றைச் செய்து பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள் ஏராளம். குறும்படத்துக்குக் கதை, சிறுகதைத் தொகுப்பு, கீபோர்டு வாசிப்பு, ஊர் வரலாறு என்று எதுவாகவும் இருக்கலாம். பலதும் பாதியில் நின்றுபோகிறது.

“டைம் இல்ல” என்பது பொய்யான சாக்கு அல்ல. அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு: கிடைக்கும் கொஞ்ச நேரமும் வாராவாரம் இடம்பெயர்கிறது. தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுது என்று சுயமுன்னேற்றப் புத்தகங்கள் சொல்கின்றன. நைட் ஷிப்ட் பார்ப்பவர் அந்த ஐந்து மணிக்கு லைனில் நிற்கிறார்.

நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறிய பகுதி ஒன்று இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. வெளிச்சம், கடிகாரம் எதுவும் உதவாத நிலையில் மனிதர்களை வைத்து ஹார்வர்டு விஞ்ஞானி சார்லஸ் செய்ஸ்லர் குழுவினர் 1999இல் அளந்தபோது, இந்தக் கடிகாரத்தின் ஒரு நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று தெரிந்தது. கொஞ்சம் மெதுவாக ஓடும் கடிகாரம் என்பதால், தூங்கப் போகும் நேரத்தைத் தள்ளிப்போடுவது உடலுக்கு எளிது. முன்னே இழுப்பது கடினம்.

இதே செய்ஸ்லர் 1982இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாது உப்பு ஆலையின் ஷிப்ட் முறையை ஆராய்ந்து, ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார். அங்கே ஷிப்ட் பின்னோக்கிச் சுழன்றது, அதுவும் வாரத்துக்கு ஒருமுறை. அதைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும்படி மாற்றி, ஒவ்வொரு ஷிப்டையும் 21 நாள் நீட்டித்ததும் தொழிலாளர்களின் உடல்நலமும் மனநிறைவும் கூடின, உற்பத்தியும் உயர்ந்தது. இந்த மாற்றம் தொழிலாளியின் கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஆகவே, ஓய்வு நேரத்தில் ஒன்றும் செய்வதில்லை என்று இந்த இளைஞர்களைச் சோம்பேறி என்பவர்கள் முதலில் அவர்களுடைய ஷிப்ட் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

அட்டவணை மாறாத வரை அவர்கள் செய்யக்கூடியது என்ன? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி தலைமையில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. புதிய பழக்கம் ஒன்றைத் தினமும் ஏதாவது ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போடச் சொன்னார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது போல. பழக்கம் தானாக வருவதற்குச் சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் எதுவுமில்லை. ஷிப்ட் மாறுபவருக்கு இதில் நல்ல செய்தி இருக்கிறது. கடிகாரத்தை விட்டுவிடலாம். ரூமுக்கு வந்து குளித்து முடித்ததும், அல்லது வேலைக்குக் கிளம்புமுன் டீ குடித்ததும் என்று வைத்துக்கொண்டால், எந்த ஷிப்டாக இருந்தாலும் குளியலும் டீயும் கூடவே வரும்.

எவ்வளவு நேரம் செய்வது என்ற கேள்விக்குத் தபால்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் அஞ்சல் குறியீட்டைத் தட்டச்சு செய்து கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தபோது, தபால் ஊழியர்களுக்கு விசைப்பலகை கற்றுத்தர வேண்டியிருந்தது. உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரே ஒரு மணி நேரம். இன்னொன்றுக்கு ஒவ்வொரு மணி நேரமாக இருமுறை. மூன்றாவதற்கு ஒரே அமர்வில் இரண்டு மணி நேரம். நான்காவதற்கு இரண்டிரண்டு மணி நேரமாக இருமுறை, ஆக நான்கு மணி நேரம். 1978இல் வெளியான முடிவு இது: விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள, தினம் ஒரு மணி நேரக் குழுவுக்கு மொத்தம் ஏறக்குறைய 35 மணி நேரப் பயிற்சி போதுமாக இருந்தது, நான்கு மணி நேரக் குழுவுக்கு ஏறக்குறைய 50 மணி நேரம் தேவைப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றவர்களின் ஒவ்வொரு மணியும் அதிகம் விளைந்தது.

எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது அதன் அடுத்த வரிதான். மிகச் சிக்கனமாகக் கற்ற அந்த ஒரு மணி நேரக் குழுவினர்தான் தங்கள் பயிற்சி முறையில் எல்லோரையும்விடக் குறைவான திருப்தி கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் நாள் கணக்கில் முன்னால் போவதைப் பார்த்துத் தாங்கள் பின்தங்கிவிட்டதாக நினைத்தார்கள். அரை மணி, முக்கால் மணி என்று எழுதுகிறவர் பலர் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். நகர்வது நின்றிருக்காது, கண்ணுக்குத்தான் தெரிந்திருக்காது. தேதி போட்டு, அன்று முடித்ததை ஒரு வரியில் குறித்துவைக்கும் நோட்டு ஒன்று இருந்தால் அது தெரியும்.

அந்த நோட்டில் இன்னொரு வரிக்கும் இடம் விடுங்கள். 1920களில் பெர்லினில் மரியா ஒவ்சியான்கினா என்ற ஆய்வாளர், ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களை நடுவில் நிறுத்தி வேறு வேலை கொடுத்தார். ஓய்வு கிடைத்ததும், யாரும் சொல்லாமலேயே பெரும்பாலோர் விட்ட வேலையை எடுத்துக்கொண்டார்கள். பாதியில் நின்ற வேலைக்கு நம்மைத் திரும்ப இழுக்கும் விசை உண்டு. அடுத்து செய்ய வேண்டியதை இரண்டு வார்த்தையில் எழுதிவைத்துவிட்டு எழுந்தால் அந்த விசை வீணாகாது. நாயகி பஸ்ஸைத் தவறவிடுகிறாள், அடுத்த காட்சி டீக்கடை என்று குறித்திருந்தால் போதும். ஐந்து நாள் கழித்து உட்கார்ந்தாலும் பேனா ஓடும்.

நைட் ஷிப்ட் வாரத்தில் மட்டும் தூக்கத்தில் கைவைக்கக் கூடாது. பகல் தூக்கம் ஏற்கெனவே குறைவு. 2004இல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில், மறைந்திருக்கும் குறுக்குவழி ஒன்றைக் கொண்ட எண் புதிரைக் கொடுத்தார்கள். இடையில் எட்டு மணி நேரம் தூங்கியவர்கள், தூங்காதவர்களைப் போல இரு மடங்குக்கும் மேலான எண்ணிக்கையில் அந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். அந்த வாரம் படைப்பு வேலைக்குத் தூக்கமே கணக்கு.

இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்தால் எவ்வளவு தூரம் போக முடியும்? ஐராவதம் மகாதேவனைப் பார்க்கலாம். 1954இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தவர்; கோப்பும் கூட்டமுமாக ஓடிய வேலை. அந்த வேலை போக எஞ்சிய நேரத்தில் தமிழ்நாட்டு மலைக்குகைகளின் பிராமி எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினார். கல்வெட்டைப் படிப்பதற்கு முதலில் மைப்படி எடுக்க வேண்டும். பாறையைத் துடைத்து, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடித்து, பிறகு மையை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கருப்பாகவும் வரும். அந்தத் தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், அப்புறம் எந்த இரவில் வேண்டுமானாலும் ஓர் எழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரலாம். மலைக்கு ஒரு நாள் தேவை. ஓர் எழுத்துக்கு அரை மணி போதும். கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில், சேர அரசர்கள் மூன்று தலைமுறையினரின் பெயர்களை அவர் படித்தது 1960களில், பணியில் இருந்தபோதே.

1966இல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பு வெளிவந்தது. 1977இல் 417 குறியீடுகளை வரிசைப்படுத்திய சிந்து எழுத்துத் தொகுப்பு. நடுவில் நேரு நினைவு ஆய்வுத்தொகை கிடைத்து, சில காலம் முழுநேரமும் ஆராய முடிந்தது. 1980இல் அரசுப் பணியை விட்டார். பிறகு தினமணி ஆசிரியர் பொறுப்பு. தமிழ்ப் பிராமி பற்றிய அவருடைய பெருநூல் 2003இல்தான் வந்தது, முதல் தொகுப்புக்கு 37 ஆண்டுகள் கழித்து. வேலை சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரியும் தன்மை கொண்டிருந்ததால்தான் இத்தனை இடைவெளிகளையும் அது தாங்கியது என்று நினைக்கிறேன். நாவல் எழுதுகிறவர்கூட அதை மைப்படிகளாகப் பிரித்துக்கொள்ள முடியும்: காட்சி காட்சியாக, தனித்தனித் தாளில்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவருக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையிலோ ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரையிலோ, வாரத்தில் ஒரு ஆஃப் நாளில் கால் மணி நேரம் நின்று கொக்கு, நீர்க்காகம், முக்குளிப்பான் என்று எண்ணிவந்தால், ஆலைகள் சூழ்ந்த ஓர் ஏரி ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதற்குப் பதிவு உருவாகும். அந்தப் பதிவை இந்த ஊரில் தங்கி வேலை பார்ப்பவர்தான் நன்றாகச் செய்ய முடியும். அக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். அதற்குள் ஒரு நாள் போய், வெயில் முகத்தில் அடிக்காமல் தண்ணீர்ப் பரப்பு முழுதும் தெரியும்படி நிற்க ஓரிடத்தைப் பார்த்துவைத்து, நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.