பக்கத்தைத் திறந்தாலே போதும்

2016 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூரின் ஐபோனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அமீரகச் சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புதிய ரகசியங்கள் இருப்பதாகச் சொல்லி ஒரு லிங்க். மன்சூர் அதைத் தொடவில்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவிட்டார். தொட்டிருந்தால், இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் உருவாக்கிய பெகாசஸ் உளவு மென்பொருள் போனுக்குள் இறங்கியிருக்கும். ஆப்பிளுக்கே தெரியாத மூன்று ஓட்டைகள் வழியாக அது நுழையவிருந்தது. ஆகஸ்ட் 25 அன்று ஐஓஎஸ் 9.3.5 வெளியாகி அவற்றை அடைத்தது.

தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்ற அறிவுரை மன்சூரைக் காப்பாற்றியது. ஆனால் தெரிந்த தளத்திலேயே பொறி இருந்தால்?

2019-ல் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு வெளியிட்டது அப்படியொரு சம்பவம். சில இணையதளங்களுக்குள் யாரோ தாக்குதல் நிரலைப் புகுத்தியிருந்தார்கள். வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் தளங்கள் அவை. உய்குர் மக்கள் தொடர்பான உள்ளடக்கம் கொண்ட தளங்கள் என்று பின்னர் ஆப்பிளே சொன்னது. ஐபோனில் பக்கத்தைத் திறந்தாலே தாக்குதல் தொடங்கிவிடும். எதையும் இறக்க வேண்டாம், 'சரி' என்று எதையும் அழுத்த வேண்டாம்.

இது எப்படி நடக்கிறது? இணையப்பக்கத்தோடு ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் வருகிறது. பிரவுசர் அதை நம்மைக் கேட்காமலே இயக்கும். இயக்கினால்தான் வரைபடம் நகரும், டிக்கெட் பதிவு நடக்கும். அதனால்தான் பிரவுசரைப் பூட்டிய தனி அறைபோல ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தாக்குபவருக்கு முதலில் பிரவுசரில் ஓர் ஓட்டை வேண்டும். அந்த அறையை விட்டு வெளியேறி போன் முழுவதையும் கைப்பற்ற இன்னொன்று வேண்டும். ப்ராஜெக்ட் ஜீரோ கண்டது மொத்தம் 14 ஓட்டைகள்: பிரவுசரில் 7, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 5, அறையிலிருந்து தப்பிக்க 2.

உள்ளே போன உளவு நிரல் படங்களையும் தொடர்பு எண்களையும் அள்ளியது. இருக்கும் இடத்தை நிமிடத்துக்கு ஒருமுறைகூட அனுப்பியது. வாட்ஸப், டெலிகிராம் உரையாடல்களையும் எடுத்தது. வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்ட செய்தியும் நம் போனில் திறந்துதானே கிடக்கிறது! போனை ரீஸ்டார்ட் செய்தால் அந்த நிரல் அழிந்துவிடும். ஆனால் திருடிய கணக்குச் சாவிகள் திருடனிடமே இருக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் ரீஸ்டார்ட் மட்டும் போதாது. பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும்.

கூகுள் 2019 பிப்ரவரி 1 அன்று இந்த ஓட்டைகளைப் பற்றி ஆப்பிளுக்குத் தகவல் கொடுத்தது. ஆறே நாளில் ஐஓஎஸ் 12.1.4 வந்தது. நிறுவனம் இவ்வளவு வேகமாக ஓடினாலும், அப்டேட் அறிவிப்பை நாம் 'பிறகு' என்று தள்ளிவிட்டால் பயனில்லை. உண்மையில் அப்டேட் வந்த பிறகு ஆபத்து கூடுகிறது. பழைய நிரலையும் புதியதையும் ஒப்பிட்டால் ஓட்டை எங்கிருந்தது என்பது தேர்ந்த ஹேக்கருக்குத் தெரிந்துவிடும். பிறகு அவர் குறிவைப்பது தள்ளிப்போட்டவர்களைத்தான்.

இந்தியாவில் விற்கும் ஐபோனில் க்ரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் என்ற பிரவுசர் இன்ஜின். ஐஓஎஸ் அப்டேட்தான் அதைக் காக்கும். ஆண்ட்ராய்டில் க்ரோமும், செயலிகளுக்குள் பக்கங்களைக் காட்டும் வெப்வியூவும் பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கப்படும். இயங்குதள ஓட்டைகளுக்கோ பெரும்பாலும் போன் நிறுவனம்தான் அப்டேட் தர வேண்டும். பத்திரிகையாளர், வழக்கறிஞர், செயற்பாட்டாளர் என்று குறிவைக்கப்படக்கூடியவர்கள் ஐபோனில் 2022 முதல் இருக்கும் லாக்டவுன் மோடைப் போட்டுக்கொள்ளலாம். பக்கங்கள் சற்று மெதுவாகும், சில தளங்கள் சரியாகத் தெரியாது. அவர்களுக்கு அது கொடுக்கத் தகுந்த விலை.

எனக்குக் கவலை, வீட்டில் பெரியவர்களுக்குக் கைமாறும் பழைய போன்களைப் பற்றித்தான். 2025 ஆகஸ்டில் வந்த க்ரோம் 139 முதல் ஆண்ட்ராய்டு 8, 9 போன்களுக்கு க்ரோம் அப்டேட்டே கிடையாது. இன்றே அம்மாவின் போனை வாங்கி, செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்' என்று தேடிப் பாருங்கள். ஒரு தேதி தெரியும். புதிய அப்டேட் காத்திருந்தால் உடனே போட்டுவிடுங்கள். தேதி ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புதிய அப்டேட்டும் வராவிட்டால், வங்கிச் செயலியையும் யுபிஐயையும் அந்தப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.